ஒரு கிடார் துண்டும் மூணு தலைமுறைக் கடனும்

பாட்டைப் பத்திப் பேச்செடுத்தா போதும், ரெண்டே நிமிஷத்துல "இது அங்கேர்ந்து சுட்டது, அது இங்கேர்ந்து சுட்டது"ன்னு பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். எனக்கு அந்தப் பஞ்சாயத்துல பெரிய ஆர்வம் இல்லை. வெறும் காத்துலேர்ந்து யாரும் பாட்டு போடறதில்லை, எல்லாரும் யார்கிட்டயோ வாங்கினவங்கதான். எனக்குள்ள ஓடுற கேள்வி வேற. வாங்கினவன் யார்கிட்ட வாங்கினோம்னு சொன்னானா? குடுத்தவனுக்கு ஏதாவது போய்ச் சேர்ந்துச்சா?

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல உதாரணம், எனக்குப் பிடிச்ச மூணு பேண்டுகளோட கதை (கால்சட்டை இல்லீங்க, இசைக்குழு :)). பிளாக் சாபத், டயமண்ட் ஹெட், மெட்டாலிகா. முதலாவதும் மூணாவதும் ஊருக்கே தெரியும். ராக் பக்கமே போகாதவங்க கூட மெட்டாலிகா டி-ஷர்ட்டைப் பார்த்திருப்பீங்க. நடுவுல இருக்கே டயமண்ட் ஹெட், அது யாருன்னு கேட்டா பத்துல ஒன்பது பேர் முழிப்பாங்க. இந்தப் பதிவு அவங்களுக்காகத்தான்.

ஆனா கதை பிளாக் சாபத்துலேர்ந்துதான் தொடங்கணும். இங்கிலாந்துல பர்மிங்ஹாம்னு ஒரு ஊர், அந்தக் காலத்துல எங்க பார்த்தாலும் இரும்புப் பட்டறையும் தொழிற்சாலையும். அங்க தகடு வெட்டுற தொழிற்சாலையில வேலை பார்த்த பையன் டோனி அயோமி. 1965, வயசு 17. வேலையை விட்டுட்டு முழுநேரமா கிடார் வாசிக்கப் போறார், அன்னிக்குத்தான் தொழிற்சாலையில கடைசி நாள். அன்னிக்கே வலது கையில ரெண்டு விரலோட நுனியை மெஷின் எடுத்துடுச்சு. அவர் இடது கைப் பழக்கக்காரர், அதனால கிடார் தந்தியை அழுத்துறதே வலது கை விரல்தான். அவ்ளோதான், முடிஞ்சதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க.

தொழிற்சாலை மேலாளர் ஒருத்தர் அவரைப் பார்க்க வந்து ஒரு இசைத்தட்டைக் குடுத்தார். வாசிச்சது ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல தீ விபத்துல இடது கையில ரெண்டு விரல் செயலிழந்து, மிச்ச விரலை வெச்சே ஐரோப்பாவோட பெரிய ஜாஸ் கிடார் கலைஞர் ஆனவர். அதைக் கேட்டுட்டு அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செஞ்சு, மேல தோல் ஒட்டி, திரும்ப வாசிக்க ஆரம்பிச்சார். தடிமனான தந்தியை அழுத்தினா வலிக்கும், அதனால மெல்லிசான தந்தி. அப்புறம் தந்தியோட இழுவிசையைக் குறைக்கறதுக்காகச் சுருதியையும் இறக்கினார். 1971-ல வந்த மூணாவது ஆல்பத்துல சில பாட்டுக்கு மூணு அரை ஸ்வரம் கீழ. ஹெவி மெட்டல்னு இன்னிக்கு நாம சொல்ற அந்தக் கனமான சத்தத்துல ஒரு பாதி, அறுபட்ட விரலுக்காகக் கண்டுபிடிச்ச மாற்று வழி. எங்க துறை பாஷையில சொன்னா, பக்கையே ஃபீச்சராக்கி ரிலீஸ் பண்ணிட்டார் மனுஷன்.

மறு பாதி எங்கேர்ந்து வந்தது? குஸ்டாவ் ஹோல்ஸ்ட்னு ஒரு ஆங்கிலேய இசையமைப்பாளர் 1914-16 வாக்குல கிரகங்களைப் பத்தி ஒரு ஆர்கெஸ்ட்ரா படைப்பு எழுதினார். அதுல போர்க் கடவுள் செவ்வாய்க்கு ஒரு பகுதி, கேட்டா வயித்தைக் கலக்கும். சாபத்தோட பேஸ் கிடார்காரர் கீஸர் பட்லர் அதை ஒருநாள் ஒத்திகையில வாசிச்சுப் பார்த்திருக்கார். அடுத்த நாள் அதோட சாயல்ல அயோமி ஒரு ரிஃப்போட வந்து நிக்கறார். (ரிஃப்னா பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வர்ற சின்ன கிடார் துண்டு.) அதுல முக்கியமான இடைவெளி, நம்ம கணக்குல சொன்னா ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவுல இருக்கிறது. நம்ம ஊர்ல கல்யாணி பாடுறப்ப அது அழகு. அங்க, அந்த வேகத்துல, அந்தச் சத்தத்துல, பேய்! 1970 பிப்ரவரி 13-ல வந்த முதல் ஆல்பத்தோட முதல் பாட்டே இதுதான்.

இப்ப 10 வருஷம் தள்ளிப் போவோம். பர்மிங்ஹாமுக்கு மேற்கே 20 கிலோமீட்டர் போல இருக்கிற சின்ன ஊர் ஸ்டவர்பிரிட்ஜ். 1976-ல அங்க பள்ளிக்கூட வயசுப் பசங்க சேர்ந்து ஆரம்பிச்சதுதான் டயமண்ட் ஹெட். கிடார் பிரையன் டாட்லர், பாட்டு ஷான் ஹாரிஸ். 1979-ல 'சவுண்ட்ஸ்'ங்கிற வாரப் பத்திரிகை இந்த மாதிரி புதுப் பசங்களுக்கெல்லாம் சேர்த்து "பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை"ன்னு பேர் வெச்சது. அயர்ன் மெய்டன், சாக்ஸன், டெஃப் லெப்பர்ட் எல்லாம் அந்த அலையில வந்தவங்கதான்.

மத்தவங்களுக்கெல்லாம் கம்பெனி கிடைச்சது. டயமண்ட் ஹெட்டுக்கு சரியான நேரத்துல கிடைக்கலை. பாடகரோட அம்மாதான் மேனேஜர்களில் ஒருத்தர், நம்ம ஊர்க் கல்யாணக் கச்சேரிக் குழு ரேஞ்சு :). கடைசியில 1980-ல தாங்களே ஆல்பம் போட்டாங்க. 1000 பிரதி. வெறும் வெள்ளை அட்டை. தபால்ல விற்பனை.

அந்த 1000 பிரதிக்குள்ள இருந்த ஒரு பாட்டுதான் 'ஆம் ஐ ஈவில்'. ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடும். தொடக்கமே அதே ஹோல்ஸ்டோட செவ்வாய்! சாபத் தண்ணி குடிச்ச அதே கிணத்துல இவங்களும் வாளி விட்டிருக்காங்க. அடுத்து வர்ற ரிஃப், சாபத் 1975-ல போட்ட 'சிம்ப்டம் ஆஃப் த யூனிவர்ஸ்' பாட்டை விடக் கனமா ஒண்ணு எழுதணும்னு உட்கார்ந்து எழுதினதுன்னு டாட்லரே சொல்லியிருக்கார். காப்பி இல்லை, போட்டி. நல்ல சிஷ்யன் செய்ற வேலை.

அப்புறம் அவங்க கதை நல்லாப் போகலை. பெரிய கம்பெனி ஒருவழியா வந்தது, 1982 ஆல்பம் பிரிட்டன் பட்டியல்ல 24-வது இடம் வரைக்கும் போனது. 1983-ல அடுத்த ஆல்பம், அதோட முதல் அச்சு இசைத்தட்டுகள்ல பழுது, ஊசி குதிக்குது. 1985-ல கடையைச் சாத்திட்டாங்க.

இங்கேதான் மூணாவது பேண்டு உள்ள வருது. லார்ஸ் உல்ரிச், டென்மார்க்காரப் பையன். அப்பா டென்னிஸ் வீரர், இவரும் டென்னிஸ் கத்துக்கத்தான் 1980-ல அமெரிக்கா போனார். தபால்ல வந்த இசைத்தட்டுகளைக் கேட்டுட்டு மட்டை தூரப் போச்சு. 1981 கோடையில, 17 வயசுல, தனியா இங்கிலாந்துக்கு வந்து டயமண்ட் ஹெட் கச்சேரியைப் பார்த்தார். முடிஞ்சதும் பேண்டுகிட்டப் போய் அறிமுகமாகி, அவங்க வீட்டிலேயே சில வாரம் டேரா போட்டார். யோசிச்சுப் பாருங்க, முன்பின் தெரியாத பையன், எங்கேயோ அமெரிக்காவுலேர்ந்து வந்து நம்ம வீட்டுத் தரையில தூங்கறான். சோறு போட்டாங்க, ஒத்திகைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு பாட்டை எப்படிக் கட்டறாங்கன்னு பக்கத்துல உட்கார்ந்து பார்த்தார் அவர்.

திரும்பிப் போய் அக்டோபர் 1981-ல ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டோட சேர்ந்து ஆரம்பிச்சதுதான் மெட்டாலிகா. 1982 மார்ச் 14, முதல் கச்சேரி. மொத்தம் 9 பாட்டு. சொந்தப் பாட்டு 2. டயமண்ட் ஹெட் பாட்டு 4! அந்த ஆரம்ப நாட்கள்ல இது யார் பாட்டுன்னு மேடையில சொல்றதில்லை. அமெரிக்காவுல யாருக்கும் தெரியாது, அதனால சொந்தப் பாட்டுன்னே சனங்க நினைச்சுக்கிட்டாங்க.

கதை இதோட நின்னிருந்தா இது இன்னொரு 'சுட்ட' கதை. ராக் சரித்திரத்துல அதுக்குக் குறைச்சல் இல்லை. லெட் ஸெப்லின் 1969-ல போட்ட 'ஹோல் லாட்டா லவ்' பாட்டையே எடுத்துக்குங்க. அதுல மட்டி வாட்டர்ஸ் 1962-ல பாடின, வில்லி டிக்ஸன் எழுதின ஒரு ப்ளூஸ் பாட்டு அப்பட்டமா இருக்கு. அட்டையில டிக்ஸன் பேர் இல்லை. 1985-ல, 70 வயசுல, அந்த மனுஷன் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987-ல சமரசம். இன்னிக்கு அவர் பேரும் இருக்கு, ஆனா 18 வருஷம் லேட். ஸெப்லின் எனக்கும் பிடிக்கும், ஆனா இதை நினைச்சா கொஞ்சம் கசக்கும்.

மெட்டாலிகா ரெக்கார்டு போட ஆரம்பிச்சப்போ வேற மாதிரி நடந்துக்கிட்டாங்க. 1984-ல ஒரு சிங்கிளோட மறுபக்கத்துல 'ஆம் ஐ ஈவில்' வந்தது, எழுதினவங்க ஹாரிஸ் - டாட்லர்னு பேர் போட்டு. 1987-ல இன்னொண்ணு, 1988-ல இன்னொண்ணு. 1998-ல இதையெல்லாம் தொகுத்து 'கராஜ் இங்க்'னு வந்த ரெட்டை ஆல்பத்துல நாலாவது. அந்த ஆல்பத்துலயே பட்ஜின்னு ஒரு வேல்ஸ் பேண்டோட ரெண்டு பாட்டும் இருக்கு. பட்ஜியோட முதல் ஆல்பத்தைத் தயாரிச்ச ராட்ஜர் பெய்ன்தான் சாபத்தோட முதல் மூணு ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர். எங்க சுத்தினாலும் அதே தெருவுக்குத்தான் வர்றோம்!

பேர் போட்டா என்ன நடக்கும்? ஒரு பாட்டுக்கு ரெண்டு விதமான உரிமை உண்டு. பதிவுக்கு ஒண்ணு, எழுதினதுக்கு ஒண்ணு. யார் பாடினாலும், விக்கிற ஒவ்வொரு பிரதிக்கும் எழுதினவருக்கு ஒரு பங்கு போகணும். சிங்கிளோட மறுபக்கத்துல இருந்தாலும் முன்பக்கத்துக்குச் சமமான பங்கு. 1000 பிரதி வெள்ளை அட்டையில பொறந்த பாட்டு, மெட்டாலிகா ஆல்பங்கள் வழியா லட்சக்கணக்குல வித்தது. அந்த ராயல்டிதான் தன்னை இசையிலேயே வெச்சிருந்ததுன்னு டாட்லர் பேட்டிகள்ல வெளிப்படையாவே சொல்லியிருக்கார். கடை சாத்தின பேண்டு 1990-களோட ஆரம்பத்துல திரும்பத் திறந்தது. 1993-ல அவங்க போட்ட ஆல்பத்துல ஒரு பாட்டுக்குக் கிடார் வாசிச்சது யாருன்னு நினைக்கறீங்க? டோனி அயோமி! யாரை மிஞ்சணும்னு எழுத உட்கார்ந்தாரோ, அவரே வந்து வாசிச்சுக் குடுத்துட்டுப் போனார். அதே வருஷம் ஜூன் 5, இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ் மைதானத்துல மெட்டாலிகா கச்சேரி. அதே மேடையில டயமண்ட் ஹெட்டும்.

மெட்டாலிகாவை ரொம்பவும் புகழ்ந்துடலை. ரசிகர்கள் ஒருத்தருக்கொருத்தர் காப்பி பண்ணிக் குடுத்த கேசட்டுகளாலதான் 1982-ல அவங்க பேர் பரவுச்சு. அதே லார்ஸ் 2000-ல நாப்ஸ்டர் மேல வழக்குப் போட்டு முன்னாடி நின்னார். அந்த முரண் எனக்கு இன்னும் உறுத்தும். ஆனா எழுதினவனுக்குப் பங்கு போகணும்ங்கிற விஷயத்துல, தான் வாங்கின கடனை அவர் கட்டியிருக்கார்.

2006-ல அமெரிக்காவோட ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்துல பிளாக் சாபத்தைச் சேர்த்தப்போ, அறிமுக உரை லார்ஸும் ஹெட்ஃபீல்டும். 2010 ஜூன் 22, பல்கேரியாவோட சோஃபியா நகரத்துல மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் நாலு பேண்டும் ஒரே மேடை. எல்லாருக்கும் பொதுவா ஒரு பாட்டு வாசிக்கணும்னு தேடினப்போ எடுத்தது 'ஆம் ஐ ஈவில்'. 2025 ஜூலை 5, பர்மிங்ஹாம்ல சாபத்தோட கடைசிக் கச்சேரி, அவங்க வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே இருக்கிற கால்பந்து மைதானத்துல. மெட்டாலிகா வந்து ரெண்டு சாபத் பாட்டு வாசிச்சாங்க. 17 நாள் கழிச்சு, ஜூலை 22-ல, பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் காலமானார்.

நாங்க கோடு எழுதறப்போ அடுத்தவர் எழுதின துண்டை எடுத்துப் போட்டா, மேல அவர் பேரை ஒரு வரி எழுதி வைப்போம். அந்த ஒரு வரியை அழிச்சாலும் புரோகிராம் ஓடும், ஒரு குறையும் தெரியாது. குறை அவருக்குத்தான். இசையிலயும் அப்படித்தான். பேர் போட்டதால ஸ்டவர்பிரிட்ஜ்ல ஒருத்தர் கிடாரைக் கீழ வைக்காம இருந்தார். 2023-லேர்ந்து டாட்லர் சாக்ஸன் பேண்டுலயும் வாசிக்கறார், தெரியுமோ?

ஆர்வம் இருந்தா இந்த வரிசையில கேளுங்க: ஹோல்ஸ்டோட செவ்வாய், சாபத்தோட முதல் பாட்டு, 'சிம்ப்டம் ஆஃப் த யூனிவர்ஸ்', டயமண்ட் ஹெட்டோட 'ஆம் ஐ ஈவில்', கடைசியா மெட்டாலிகாவோடது. அரை மணி நேரம் ஆகும். வீட்ல பெரியவங்க இருந்தா ஹெட்போன் உத்தமம் :)

உங்களுக்குப் பிடிச்ச இசையிலயும் இப்படி நடுவுல மறைஞ்சு போன ஒரு ஆள் இருந்தா, பின்னூட்டத்துல பேரைச் சொல்லிட்டுப் போங்க மக்களே.