அசாருதீன் கணக்கில் வராத வரவு

ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. அபிட்ஸ் பக்கம் ஒரு இரானி கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போனது. "அசாருதீனுக்கு ஆயுள் தடை விழாமல் இருந்திருந்தால் நூறாவது டெஸ்ட் ஆடியிருப்பார்" என்று என் அரைகுறை ஹிந்தியில் எடுத்துவிட்டேன். கூட இருந்த பாய் எங்கள் கிளையில் சீனியர், உள்ளூர்க்காரர். "அந்தத் தடையை ஹைகோர்ட் ரத்து செய்து பல வருஷம் ஆச்சே சார், தெரியாதா?" என்றார்.

சத்தியமாகத் தெரியாது. தினமும் ரெண்டு பேப்பர் படிக்கிற ஆள் நான்!

இங்கே கன்ஃபவுண்ட்ரியில் ஆல் செயின்ட்ஸ் பள்ளியிலும் நிஜாம் கல்லூரியிலும் படித்தவர் அசாருதீன். 1984-85ல் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய முதல் மூன்று டெஸ்டிலும் சதம். அதில் ஒன்று நம்ம சேப்பாக்கத்தில் அடித்தது. அந்த மணிக்கட்டைப் பார்த்தே அவருக்கு ரசிகன் ஆனவர்கள் ஏராளம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுச் சுவரிலும் அவர் படம் இருந்தது. 2000ஆம் வருஷம் பி.காம் படிக்கும்போது நானே அதைக் கிழித்தேன்.

அந்த வருஷம் நடந்ததைக் கொஞ்சம் வரிசையாகப் பார்ப்போம். ஏப்ரலில் டெல்லி போலீஸ், தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோனியே மீது வழக்குப் போட்டது. ஜூனில் குரோனியே, தன்னைத் தரகர் ஒருவருக்கு அறிமுகப்படுத்தியதே அசாருதீன்தான் என்று விசாரணைக் கமிஷனில் சொன்னார். அசாருதீன் மறுத்தார். நவம்பரில் சி.பி.ஐ. அறிக்கை வெளியானது. அவர் பணம் வாங்கினார், சில ஆட்டங்களில் தவறு செய்ததை ஒப்புக்கொண்டார் என்றது அறிக்கை. அதையும் அவர் பின்னர் மறுத்தார். டிசம்பர் 5ஆம் தேதி வாரியம் ஆயுள் தடை விதித்தது. 99 டெஸ்டோடு கதை முடிந்தது. கடைசி டெஸ்டில்கூட சதம் அடித்திருந்தார்.

இதை எழுதியதற்காகப் பத்திரிகைகளைக் குறை சொல்ல மாட்டேன். 1997லேயே அவுட்லுக் பத்திரிகை மனோஜ் பிரபாகரின் புகாரை வெளியிட்டது. வாரியம் நியமித்த சந்திரசூட் விசாரணையில் ஒன்றும் தேறவில்லை. பத்திரிகைக்காரர்கள் விடாமல் தோண்டாமல் இருந்தால் பல விஷயம் அமுங்கிப் போயிருக்கும்.

என் குறை வேறு. பேங்கில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு தொகை யாருடையது என்று தெரியாவிட்டால் அதில் போட்டு வைப்போம், தெளிவானதும் உரிய கணக்குக்கு மாற்றுவோம். 2000ல் டி.வி.யும் பேப்பரும் எல்லாவற்றையும் நேராக ஆள் கணக்கிலேயே பற்று எழுதின. மே மாதம் பிரபாகர் கபில்தேவ் பெயரைச் சொன்னார். கபில் டி.வி. பேட்டியில் அழுதார். அந்த அழுகை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு எதிராக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று சி.பி.ஐ. சொன்னது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

அசாருதீன் விஷயத்தில் இன்னொரு சிக்கல். சிறுபான்மையினன் என்பதால் குறிவைக்கப்படுகிறேன் என்ற அர்த்தத்தில் அவர் பேசப்போக, ஊரே ரெண்டாகப் பிரிந்தது. அதற்குப் பிறகு ஆதாரம் என்ன என்று கேட்டவர்கள் குறைவு. நீ எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

2012 நவம்பர் 8ஆம் தேதி, அப்போதைய ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்றது. அவருக்கு அப்போது வயது 49. ஒரு கட்சி "நிரபராதி" என்று கொண்டாடியது. மறுகட்சி "சட்டத்தின் சந்தில் தப்பித்தார்" என்றது. நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி வாரியத்தின் உத்தரவு நிற்குமா என்பது. ஆட்ட நிர்ணயத்துக்காக அவர் மீது கிரிமினல் வழக்கு எதுவும் நடக்கவே இல்லை. இந்த ரெண்டு வரியையும் சேர்த்துச் சொல்வதுதான் பத்திரிகையின் பொறுப்பு. திருத்தத்தை உரிய முக்கியத்துவத்துடன் வெளியிட வேண்டும் என்று பிரஸ் கவுன்சில் நெறிமுறையே சொல்கிறது. தீர்ப்புக்கும் அதே நியாயம் வேண்டாமா? தடைச் செய்தி கும்பகோணத்தில் என் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்தது. ரத்துச் செய்தி என்னிடம் வந்து சேர ஒரு இரானி டீ தேவைப்பட்டது.

பத்திரிகையை மட்டும் திட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை. முன்பு வேலை பார்த்த ஊரில், ஒரு கடன் விவகாரத்தில் சக அதிகாரி ஒருவர் சஸ்பெண்ட் ஆனார். அன்று சாயங்காலமே பத்துப் பேருக்கு போன் போட்டுச் சொன்னேன். ரெண்டு வருஷம் கழித்து, தவறு அவருடையது இல்லை என்று விசாரணையில் முடிவானது. "அப்படியா, சந்தோஷம்" என்று கேட்டுக்கொண்டதோடு சரி. ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்தப் பத்துப் பேரில் நாலு பேர் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுவிட வேண்டும்.