தூது அரங்கும் தொழிலாளர் தெருவும்

தூது என்பது அரசர்க்கும் அமைச்சர்க்கும் மட்டுமே உரியது என்று நம் முன்னோர் கருதவில்லை. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அமைச்சர் அல்லர், புலவர். இன்றோ, வல்லரசுகளின் பேச்சுவார்த்தை பற்றிய செய்தியைக் கண்டால் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோரே நம்மில் மிகுதி. அதற்கும் நமக்கும் யாது தொடர்பு என்று வினவுவோர்க்கு, சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றிய ஒருவரின் வரலாறு விடை கூறும்.

பி. பி. வாடியா பம்பாயில் பிறந்த பார்சி. அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையாரோடு பணிபுரிந்தவர். தன்னாட்சி இயக்கத்தின் பொருட்டு 1917இல் அவரோடு உதகையில் காவலில் வைக்கப்பட்டவர். 1918 ஏப்ரலில், செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் வித்திட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது வாடியா அதன் தலைவரானார். திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவர். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்கு ஆங்கிலம் தெரியாது. வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் பேச்சு தமிழில் பெயர்த்துரைக்கப்பட்டது. மொழி தெரியாமை கருத்துப் பரிமாற்றத்திற்குத் தடையாகவில்லை.

அக்காலத்தே முதல் உலகப் போர் முடிந்தது. வெற்றி பெற்ற வல்லரசுகள் பாரிசில் கூடி வரைந்த வெர்சேல்ஸ் உடன்படிக்கை 1919 ஜூனில் கையெழுத்தாயிற்று. நாட்டெல்லைகளையும் இழப்பீட்டையும் வகுத்த அவ்வுடன்படிக்கையின் ஒரு பகுதியே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பைத் தோற்றுவித்தது. அதன் முதல் மாநாடு அவ்வாண்டு அக்டோபரில் வாஷிங்டனில் தொடங்கியது. இந்தியத் தொழிலாளர் சார்பாளரான என். எம். ஜோஷிக்கு ஆலோசகராக வாடியாவும் அதற்குச் சென்றார்.

அம்மாநாட்டில் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலை நேரம் பொது விதியாக வகுக்கப்பட்டது. இந்தியாவுக்கோ தனி விதி. வாரத்திற்கு 60 மணி. அதுவே நம் தொழிலாளர்க்கு ஒருவகையில் விடுதலையாயிற்று. 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி நெசவாலையில் ஆடவர் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை உழைக்கலாம். 1922ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 11 மணியாகவும், வாரத்திற்கு 60 மணியாகவும் குறைத்தது. வெர்சேல்ஸில் இட்ட கையெழுத்தின் பயன் மூன்றே ஆண்டுகளில் பெரம்பூர் ஆலை வாயிலை எட்டியது. பொது விதி 48, நமக்கு 60 என்ற வேற்றுமையும் அதே வழியில்தான் வந்தது. நன்மையும் குறையும் ஒருங்கே வந்தன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பின்னாளில் வாடியா பெங்களூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். ஐக்கிய நாடுகள் சாசனம் கையெழுத்தானதும், ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்ததும் 1945இல். அதே ஆண்டு ஆகஸ்டில், வாடியாவும் சோஃபியா அம்மையாரும் பசவனகுடியில் இந்திய உலகப் பண்பாட்டுக் கழகத்தை நிறுவினர். நூலகமும் சொற்பொழிவு மன்றமும் கொண்ட அந்நிலையத்தில் எவரும் சென்று கேட்கலாம். 1958இல் வாடியா மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய சாலையில் அவர் தொடங்கிய பணி நிலைத்திருக்கிறது.

மக்களைக் கேளாமல் முடிக்கப்பெறும் உடன்பாடு என்ன செய்யும் என்பதற்கு நம் இனத்திலேயே சான்று உண்டு. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புதுதில்லியில் கண்ட உடன்பாட்டின்படி, இலங்கையில் நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என ஒதுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்தும் பயனில்லை. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவருள் ஒரு சாரார் நம் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்களிற் குடியமர்ந்தனர். முதலில் எண்ணிக்கை முடிவாயிற்று. எங்கே வாழ விரும்புகிறாய் என்ற வினா அதன் பின்னரே எழுந்தது.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தவர் நாம். எல்லை, குடியுரிமை, வேலை, வாணிகம் ஆகியவை பற்றிய முடிவுகள் எங்கோ எடுக்கப்பட்டாலும், நம்மைப் போன்றார் இல்லங்களையே முதலில் தொடும். ஆதலின் அவற்றை அறிதல் கற்றார்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று. திங்களுக்கு ஒருமுறை, ஓர் உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு, கற்றார் ஒருவர் எளிய தமிழில் விளக்க, ஆலையிலும் கடையிலும் உழைப்போர் ஐயம் வினவும் அவை ஒன்று நம் சங்கங்களில் அமைதல் வேண்டும். 1918இல் பெரம்பூரில் இயன்றது இன்று நமக்கு இயலாததன்று.