பொழுதிருக்க உண்ட பனிக்காலம்

மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் நம் முன்னோர். வந்தவாசிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், என் பாட்டியாருக்கு முன்பனியை அறிய இலக்கண நூல் வேண்டியிருக்கவில்லை. மாலை 5 மணிக்குள் அனைவரும் உண்டு முடித்து அடுப்பைத் தணித்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிட்டால் அவருக்கு அது பனிக்காலம். கார்த்திகை பிறந்ததுமே கதிரவன் விரைந்து மறையத் தொடங்குவான். மார்கழியில் ஐந்தே முக்கால் மணியளவில் பொழுது சாயும். அதற்கு இரண்டு நாழிகை முன்னதாக, அதாவது 48 நிமிடங்களுக்கு முன்பே உணவை முடித்துக்கொள்வது சாவகர்க்கு உரிய முறை. கோடையில் இம்முறை எவருக்கும் சுமையாகத் தோன்றுவதில்லை. குளிர்காலத்தில்தான் அது நம்மைச் சோதிக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்போர் இதனை ஓர் இழப்பாகவே கருதுவர். பனி இறங்கும் நேரத்தில் சூடாக உண்ணக் கொடுத்துவைக்காதவர்கள், கிழங்கின் சுவை அறியாதவர்கள் என்று நம்மைப் பற்றி இரங்கியோர் உண்டு. அக்கட்டுப்பாட்டின் உள்ளேயே நம் மூதாட்டியர் எத்தனை சிறிய இன்பங்களை அமைத்து வைத்தனர் என்பதை எழுதவேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம். நம் வரலாறு என்றால் கல்வெட்டும் குகைப்படுக்கையும் ஜினாலயமும் மட்டுமே என்று எண்ணுகிறோம். அடுப்படிக்கும் ஒரு வரலாறு உண்டு.

அவ்வரலாற்றின் மிகப் பழைய ஏடுகளில் ஒன்று சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்புவிக்க, கண்ணகி மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணின் பொறுப்பில் தங்குகிறாள். கோவலன் சாவக நோன்பி. ஆதலின் பகற்பொழுதில் உண்ணும் உணவைச் சமைத்தற்குரிய நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாது தருக என்று அங்கே சொல்லப்படுகிறது. சாவகர் இரவில் உண்ணார் என்பது விளக்கிச் சொல்ல வேண்டாத செய்தியாக அங்கு வருவதைக் கவனிக்க வேண்டும். மாதரி சமணத்தவள் அல்லள். மோர் விற்று வாழும் ஆய்ச்சி. அவள் இல்லத்திலும் அம்முறை அறியப்பட்டிருந்தது.

பின்னர் கலங்களோடு பொருள்களும் வருகின்றன. பலாக்காய், வரியுடைய வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, ஆவின் பயன். வகுப்பில் இப்பகுதியைப் பல ஆண்டுகள் நடத்தியவள் நான். ஒருமுறைகூட இப்பட்டியலை நின்று பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பின்னரே ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். அதில் ஒரு கிழங்கும் இல்லை. காய் நறுக்கிக் கண்ணகியின் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டித் தருகிறாள். வாழைக் குருத்தில் உணவு படைக்கப்படுகிறது. கோவலன் உண்ட கடைசி உணவு அது. மதுரை எரிந்தது ஆடித் திங்களில் ஆதலின் அது பனிக்காலத்து உணவன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும், வைக்கோல் தீயில் பொழுதோடு பந்தயம் வைத்துச் சமைக்கும் அந்தப் பரபரப்பு எங்கள் வீட்டு மார்கழி மாலையேதான். அறுவடை நெருங்கும் காலமாதலின் பழைய வைக்கோலைப் பாட்டியார் தாராளமாக எரிப்பார். அதன் கதகதப்பில் குந்தியிருப்பதற்காகவே சிறுவர்களாகிய நாங்கள் அடுப்படிக்குப் போவோம். உதவி செய்யப் போவதாகச் சொல்லிக்கொள்வோம்.

கிழங்கை விலக்கியதன் காரணத்தை இம்மலரைப் படிப்போர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓருடலில் எண்ணிலா உயிர்கள் உறையும் என்பதும், வேரைப் பறித்தால் செடியே மாளும் என்பதும் நாம் சிறு வயதிலேயே கேட்டவை. நம் குடும்பங்கள் அனைத்தும் ஒரே கண்டிப்போடு இருந்தன என்று எழுதினால் அது வரலாறாகாது. என் உறவினர் வீடுகளிலேயே வெங்காயம் நுழைந்த வீடும் உண்டு, நுழையாத வீடும் உண்டு. நான் வியப்பது வேறொன்றை. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் விலக்க வேண்டியவற்றைச் சொல்லும்போது முள்ளங்கி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ ஆகியவற்றோடு இஞ்சியையும் சேர்க்கிறது. ஆனால் வெறுமனே இஞ்சி என்னாது, ஈரமான இஞ்சி என்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் குளிர்காலம் பிழைத்தது. ஈரம் போய்த் தானே உலர்ந்த இஞ்சி சுக்கு. பச்சை இஞ்சி ஏறாத அடுப்பில் சுக்கு ஏறியது. பச்சை மஞ்சள் சேராத குழம்பில் உலர்ந்த மஞ்சள் சேர்ந்தது.

நம் புலவர்களும் இவ்வுலர்ந்த பொருள்களோடு நெருங்கிப் பழகியவர்களே. ஏலாதியை இயற்றிய கணிமேதாவியார் சமணர். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் சேர்ந்த மருந்தின் பெயரையே, பாட்டுக்கு ஆறு பொருள் சொல்லும் தம் நூலுக்கு அவர் சூட்டினார். சிறுபஞ்சமூலம் தந்த காரியாசானும் சமணரே. வேரை உணவாக ஏற்காத நெறியைச் சேர்ந்த ஒருவர் ஐந்து சிறு வேர்களின் பெயரைத் தம் நூலுக்கு இட்டிருக்கிறார்! உணவு வேறு, மருந்து வேறு என்ற தெளிவு இருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். பாட்டியார் இந்நூல்களின் பெயரைக்கூடக் கேட்டவரல்லர். ஆனால் மார்கழியில் நாலரை மணிக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் கொத்தமல்லி விதையும் தட்டிப்போட்டு, வெல்லம் கரைத்துக் கொதிக்கவைத்த நீரை ஆளுக்கொரு குவளை ஊற்றித் தருவார். பொழுது சாய்ந்தபின் அவர் நீரும் அருந்துவதில்லை ஆதலின், அன்றைய நாளின் கடைசிச் சுவை அவருக்கு அந்தக் காரம்தான்.

இனி மொச்சைக்கு வருகிறேன். உண்மையில் இதனை எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

எங்கள் பகுதியில் மானாவாரி நிலக்கடலைக்கு இடையிலும் வரப்போரங்களிலும் மொச்சை விதைப்பர். மார்கழியில் பனி இறங்க இறங்கக் காயின் மணம் ஏறும். விடியலில் பறித்துவந்த காயைக் கூடத்தில் கொட்டினால் வீடு முழுவதும் அந்தப் பச்சை வாசம் சூழும். பெண்கள் வட்டமாக அமர்ந்து உரிப்பர். உரித்தல் பேச்சுக்கு ஒரு சாக்கு என்று பலர் நினைப்பர். எங்கள் வீட்டில் அது சோதனையும் ஆகும். பனிக்காலத்து மொச்சையில் புழு இருக்கும். துளை விழுந்த காயைப் பாட்டியார் பிரித்துப் பார்க்க விடமாட்டார். தனியே ஒரு முறத்தில் சேர்த்து, கொல்லைப்புறத்தில் அவரைக்கொடியின் அடியில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு வருவார். 'அதுவும் இந்தப் பனியில் எங்கே போகும்?' என்பார். கூடையில் கால் பங்கு அவ்வாறு போன நாள்களும் உண்டு.

உரித்த பயற்றை நீரில் ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வெளியே துள்ளும். அதுவே பிதுக்கம்பருப்பு. ஒரு படி பிதுக்குவதற்குள் விரல்நுனி சுருங்கி வெளுத்துவிடும். தேங்காய், கொத்தமல்லி விதை, மிளகு, சீரகம், சிறிது மிளகாய் வறுத்து அரைத்துக் கூட்டி, பெருங்காயம் தாளித்த அக்குழம்புக்கு வெங்காயமும் பூண்டும் இல்லாத குறை தெரியவே தெரியாது. சொன்னால் பிறர் நம்பமாட்டார்கள். பக்கத்துத் தெருவில் பூண்டு சேர்த்துச் செய்யும் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கிப்போவார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் காலத்தில் வந்தது. நிலக்கடலையும் அக்கண்டத்தைச் சேர்ந்ததே. கண்ணகி இரண்டையும் அறியாள். புதியது வந்தபோதெல்லாம் நம் அடுப்படி அதனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டே உள்ளே விட்டிருக்கிறது. உருளைக்கிழங்குக்குக் கதவு திறக்கவில்லை. வேர்க்கடலைக்குத் திறந்தது. பெயரிலேயே வேர் இருக்கிறதே என்று நான் சிறுமியாக வழக்காடியதுண்டு. பாட்டியார் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். பூ மேலே பூத்து, அதன் காம்பு குனிந்து மண்ணுக்குள் போய்க் காய்த்திருந்தது. 'இது வேரில்லை, வெட்கப்பட்ட காய்' என்றார். தாவரவியலும் ஏறத்தாழ அதையே சொல்கிறது.

இத்தகைய சிற்றின்பங்களைப் பேசுவது துறவைப் போற்றும் சமயத்துக்கு ஒவ்வுமா என்று சிலர் கேட்கக்கூடும். திருத்தக்கதேவர் துறவி. அவருடைய சீவகசிந்தாமணியின் முத்தி இலம்பகத்தில் இருது நுகர்வு என்றே ஒரு பகுதி உண்டு. பனிக்காலம் உட்பட ஒவ்வொரு பருவத்திலும் சீவகன் துய்த்த இன்பங்களை அது விரித்துரைக்கிறது. அதன் பின்னரே பொழிலில் கடுவன் தன் மந்திக்குக் கொடுத்த பலாச்சுளையைத் தோட்டக்காரன் பறிப்பதைக் கண்டு சீவகன் மனம் திரும்புகிறான். பருவத்தின் இனிமையை அறிந்தவனுக்கே அதனை விடுவதன் பொருளும் தெரியும் என்று தேவர் கருதினார் போலும். அரசனுக்கு அது துறவாக வந்தது. நம்மைப் போன்ற இல்லறத்தாருக்கு, இன்னும் கொஞ்சம் என்று கை நீட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது என்று எழுந்துகொள்வதாக வந்தது.

நான் எழுந்துகொள்ளாத ஆண்டுகளும் உண்டு. அதனை மறைத்துவிட்டு இக்கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஊரிலிருந்து தொலைவான ஒரு பள்ளியில் இருந்தேன். கார்த்திகை தொடங்கியதும் பத்தாம் வகுப்புக்கு மாலை 6 மணி வரை சிறப்பு வகுப்பு. இடையில் கால் மணி நேரம் உண்ண விடுமாறு கேட்டேன். மறுக்கப்பட்டது, ஆசிரியர் அறையில் அது சில நாள் நகைப்புக்கும் உரியதாயிற்று. இரண்டு பனிக்காலம் இரவுப் பட்டினியாகக் கழிந்தது. மூன்றாம் ஆண்டு விளக்கொளியில் உண்ணத் தொடங்கினேன். எவரும் வற்புறுத்தவில்லை, பசித்தது, உண்டேன். ஊரில் சொல்லவில்லை. ஆயினும் பாட்டியாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் நான் ஊருக்கு வந்ததும், நான்கரை மணிக்கு இலை போட்டுப் பிதுக்கம்பருப்புக் குழம்பை ஊற்றிவிட்டு, நான் உண்டு முடிக்கும்வரை எதிரிலேயே அமர்ந்திருப்பார். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுவார். மீண்டும் நான் பொழுதிருக்க உண்ணத் தொடங்கியபோது அவர் இல்லை.

என் மகள் இப்போது பெங்களூரில் பணிபுரிகிறாள். அலுவலகத்தில் 5 மணிக்குத் தன் சிற்றடுக்கைத் திறப்பதாகச் சொல்கிறாள். சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை. சென்ற மார்கழியில் அங்கே தெருவோரத்தில் பிதுக்கிய மொச்சையை எடைபோட்டு விற்பதைக் கண்டு வியந்து தொலைபேசியில் அழைத்தாள். கன்னடத்தில் அதற்கு ஹிதுகித பேளே என்று பெயர். பால் ஹாலு ஆனதும் பல் ஹல்லு ஆனதும் போலவே நம் பிதுக்கும் அங்கே ஹிதுக்கு ஆகியிருக்கிறது என்று நான் இலக்கணம் சொல்லத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்.

'அம்மா, தோல் உரித்தே விற்கிறார்கள். புழு இருந்த காயை அவர்கள் என்ன செய்திருப்பார்கள்?'

எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் காயாகவே இரண்டு கிலோ வாங்கி, தன் அறைத்தோழியரோடு அமர்ந்து உரித்தாள். பிதுக்கி முடிக்க நான்கு மணி ஆயிற்றாம். துளை விழுந்தவற்றை எதிரிலிருந்த பூங்காவில் ஒரு புதரடியில் போட்டுவிட்டு வந்து, ஐந்தே காலுக்கு உண்டு முடித்ததாகச் சொன்னாள்.