நகர மன்றமும் நாடாளும் ஆசையும்

போவன்பள்ளி போன்ற பகுதிகளில் குடியேறிய நம்மவர்க்கு நகராண்மை என்பது சாலை, சாக்கடை, தெருவிளக்கு என்ற அளவிலேயே பழக்கம். ஆயின் மாநில ஆட்சியை நாடும் கட்சிகள் அதனை ஒருபோதும் சிறிதென எண்ணியதில்லை. எவருக்கு வேலை, எவருக்கு ஒப்பந்தம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது. பயன் பெற்றவர் வாக்குச் சாவடியில் நன்றி காட்டுவார். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1955 முதல் 1976இல் இறக்கும்வரை மேயராயிருந்த ரிச்சர்டு டேலி, இம்முறையை ஓர் இயந்திரத்தைப் போலவே இயக்கினார். 1960இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கென்னடியும் அவர் ஆதரவை நாடினார்.

சென்னையின் வரலாறும் இவ்வகையில் ஆராயத்தக்கது. 1688இல் தோன்றிய அதன் மாநகராட்சி இந்தியாவிலேயே தொன்மையானது. 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் 100 இடங்களுள் 45ஐத் திராவிட முன்னேற்றக் கழகம் வென்றது. பிறர் துணையுடன் அ. பொ. அரசு மேயரானார். எட்டாண்டுகள் கழித்து, 1967இல், அக்கட்சி மாநில ஆட்சியையே எய்தியது. நகர மன்றம் முதற்படியாயிற்று.

வேலை செய்யாதவர் பெயர்களைப் பட்டியலில் எழுதிக் கூலி பெற்ற ‘மஸ்டர் ரோல்’ ஊழல் வெளிப்படவே, 1973இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு மாமன்றத்தைக் கலைத்தது. ஊழலுக்குத் தண்டனை வேண்டியதே. ஆனால் அடுத்த தேர்தலுக்கு 23 ஆண்டுகள் கடந்தன. கட்சிகள் மாறி மாறி ஆண்டன. நகரை அதிகாரிகளே நிர்வகித்தனர். தாம் ஏறிய படியில் மாற்றார் ஏறுவதை எவரும் விரும்பவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கிற்று. 1996இல் மு. க. ஸ்டாலின் சென்னை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயரானார், 2021இல் முதலமைச்சரானார். எனினும் 2016 முதல் 2022 வரை மாமன்றம் மீண்டும் இல்லாதொழிந்தது.

போவன்பள்ளியின் ஒரு பகுதி அடங்கிய செகந்திராபாத் கண்டோன்மென்ட்டிலும் இதன் சாயலைக் காணலாம். அதன் வாரியத்துக்கு 2015இல் தேர்தல் நடைபெற்றது. 2023இல் அறிவிக்கப்பட்ட தேர்தலோ ரத்தாயிற்று.

அரசியல் ஆசை குற்றமன்று. மன்றம் இருந்தால் தவறு செய்த உறுப்பினரை வாக்காளர் மாற்றலாம். மன்றமே இல்லையெனில் அதிகாரிக்கு மனு எழுதிக் காத்திருப்பதே மிஞ்சும். சொந்த ஊரை விட்டு வந்தோர்க்கு வந்த ஊரில் குரல் தருவதும் அவ்வாக்கே. ஆதலின் வாழும் இடத்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது நம் முதற் கடமையாகும்.