டேடோனாவில் ஜெயித்த மூன்று கார்களும் 599 வாரிசுகளும்

1967 பிப்ரவரி 5. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டேடோனா பந்தய மைதானத்தில் 24 மணி நேர ஓட்டம் முடியும் தறுவாய். முன்னால் ஓடிக்கொண்டிருந்த மூன்று ஃபெராரிகளும் வேகத்தைக் குறைத்து, ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து, ஒரே வரிசையாக முடிவுக்கோட்டைத் தாண்டின. கார்ப் பந்தய வரலாற்றில் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்ட புகைப்படங்களில் அதுவும் ஒன்று.

அந்த வரிசைக்குப் பின்னால் நான்கு வருடப் பகை இருந்தது. 1963-இல் ஃபெராரி நிறுவனத்தை விலைக்கு வாங்க ஃபோர்டு பேச்சு நடத்தியது. பந்தயப் பிரிவில் கடைசி வார்த்தை யாருடையது என்ற கேள்வி வந்ததும் என்ஸோ ஃபெராரி எழுந்து போய்விட்டார். ஃபோர்டு அதை மறக்கவில்லை. ஜிடி40 காரை உருவாக்கி, 1966-இல் டேடோனாவிலும் பிரான்ஸின் லெ மான்ஸிலும் முதல் மூன்று இடங்களையும் அள்ளிக்கொண்டு போனது. ஃபெராரிக்கு அது பெருத்த அவமானம்.

பதிலடிக்கான காரைத் தயாரித்தவர் தலைமைப் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி. 330 பி4 என்ற அந்தக் காரின் எஞ்சினுக்கு 12 சிலிண்டர், 4 லிட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ 450 ஹார்ஸ்பவர். எதிரே நின்ற ஃபோர்டின் எஞ்சினோ 7 லிட்டர். பலத்தில் மல்லுக்கட்ட முடியாது என்பது தெரிந்ததால், 1966 டிசம்பரிலேயே டேடோனாவுக்குப் போய்க் காரை ஓட்டிப் பார்த்துத் தயாரானார்கள். ஓட்டுநர்களில் ஒருவர் நியூசிலாந்தின் கிறிஸ் ஏமன். முந்தைய ஜூனில்தான் அவர் ஃபோர்டு காரில் லெ மான்ஸை வென்றிருந்தார்!

பந்தயத்தில் ஃபோர்டு மண்ணைக் கவ்வியது. கியர்பாக்ஸ் ஷாஃப்டுகள் சரியாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்படாததால், ஒன்றன் பின் ஒன்றாக உடைந்தன. ஃபெராரிகள் நிதானம் தவறாமல் ஓடின. ஏமனும் லொரென்ஸோ பண்டினியும் ஓட்டிய 330 பி3/4 முதலிடம், மைக் பார்க்ஸும் லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டியும் ஓட்டிய 330 பி4 இரண்டாமிடம், பெட்ரோ ரோட்ரிகஸும் ஜான் கிஷேயும் ஓட்டிய 412 பி மூன்றாமிடம்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. மே மாதம் மொனாக்கோவில் நடந்த விபத்தில் பண்டினி தீக்காயமடைந்து இறந்தார். ஜூனில் லெ மான்ஸை மறுபடியும் ஃபோர்டே வென்றது. 1968-இலிருந்து இந்த வகைக் கார்களுக்கு 3 லிட்டர்தான் உச்சவரம்பு என்று விதி மாற, பி4-இன் பந்தய வாழ்க்கை ஒரே பருவத்தோடு முடிந்தது. 1967-இன் உலகப் பட்டம் மட்டும் ஃபெராரிக்குக் கிடைத்தது.

டேடோனா வெற்றிக்கு ஐம்பத்து நான்கு வருடம் கழித்து, 2021 நவம்பரில் இத்தாலியின் முஜெல்லோவில், அந்தக் கார்களின் நினைவாக 'டேடோனா எஸ்பி3' காரை ஃபெராரி அறிமுகப்படுத்தியது. மொத்தம் 599 கார்கள். அன்றைய விலை சுமார் 20 லட்சம் யூரோ.

வடிவமைப்புக் குழுவின் தலைவர் ஃப்ளாவியோ மன்சோனி பழைய உடம்பை அப்படியே நகலெடுக்கவில்லை. சக்கரங்களுக்கு மேலே திரண்டு நிற்கும் வளைவுகளும், கதவிலிருந்து விலகி முன் சக்கர வளைவின் மேல் உட்கார்ந்த கண்ணாடிகளும் அறுபதுகளைச் சொல்கின்றன. பின்னால் போய் நின்றால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிடைமட்டமாக அடுக்கிய தகடுகள் தெரியும். மேல்நோக்கித் திறக்கும் கதவுகளுக்குள்ளேயே ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழி இருக்கிறது. இருக்கை நகராது, பெடலைத்தான் ஓட்டுபவரின் காலுக்கேற்ப நகர்த்த வேண்டும். இவை பந்தயக் காரின் பழக்கங்கள்.

அதைவிட முக்கியம், முதுகுக்குப் பின்னால் இருக்கும் 6.5 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின். டர்போ இல்லை, மின்மோட்டார் துணை இல்லை. 840 ஹார்ஸ்பவர், நிமிடத்துக்கு 9,500 சுற்று. ஓடும்போது தானாக ஏறி இறங்கும் இறக்கைகளும் கிடையாது. உடம்பின் வடிவமே காரைத் தரையோடு அழுத்துகிறது. இந்த இடத்தில் ஃபெராரி நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். அன்று பி4 சொற்பமாக இருந்ததற்குக் காரணம், பந்தயத்துக்கு அத்தனைதான் தேவைப்பட்டது. இன்று 599 என்பது ஆசைப்படுகிறவர்களுக்கெல்லாம் கிடைக்கக் கூடாது என்று போட்ட கணக்கு. 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில், அறக்கொடைக்காகக் கூடுதலாகச் செய்த ஒரே ஒரு எஸ்பி3 2.6 கோடி டாலருக்கு ஏலம் போனது. இந்தக் கார்களில் எதுவும் விடிய விடிய ஓடி ஒரு கோப்பையைத் தட்டிக்கொண்டு வரப்போவதில்லை.

அந்த வேலையை ஃபெராரி வேறொரு காரிடம் கொடுத்தது. 2023 ஜூனில் 499பி என்ற பந்தயக் கார், 1965-க்குப் பிறகு முதல்முறையாக லெ மான்ஸை ஃபெராரிக்கு வென்று தந்தது. 2024-இலும் 2025-இலும் மறுபடி வென்றது. பி4-இன் அழகு எஸ்பி3-க்கு வந்து சேர்ந்திருக்கிறது. உண்மையான வாரிசு என்றால் அது 499பிதான்.