தீவுக்கோட்டைக்குப் போன வழி

கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலை உண்டு. பெயருக்குக் காரணம் கேட்டால், பத்தில் ஒன்பது பேர் சாலையில் இருக்கும் குண்டு குழிகளைச் சுட்டிக் காட்டுவார்கள். அதுவும் நியாயமான காரணம்தான். ஆனால் சரித்திரம் சொல்லும் காரணம் வேறு. 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது ஒப்பந்தம். வாங்குகிறவன் சும்மா இருப்பானா? நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்து வைத்து நாலா பக்கமும் சுட்டான். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம் 'குண்டு கிராமங்கள்' ஆயின. எங்கள் பக்கத்தில் நிலம் அளக்கச் சங்கிலி போதாமல் பீரங்கியும் உதவியிருக்கிறது!

அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. இன்று கெடிலத்தின் முகத்தருகே போய்ப் பார்த்தால் மண்மேடும், செடி மூடிய செங்கல் சுவருமாகக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மாலையில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். பெரியவர்கள் காற்று வாங்குகிறார்கள். 1746-ல் சென்னைப்பட்டினம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபிறகு சில வருஷங்கள் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைநகரமே இதுதான். மாறுவேஷம் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து தப்பி ஓடிவந்த குமாஸ்தா ராபர்ட் கிளைவ் பேனாவை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்த இடமும் இதுவே. 1748-ம் வருஷத்து ஆரம்பத்தில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதி இங்கே வந்து இறங்கினார். கூலிக்குக் காவல் இருந்த ஆட்களைக் கம்பெனி கம்பெனியாகப் பிரித்து, வரிசையில் நிறுத்தி, ஒரே சொல்லுக்கு அடியெடுத்து வைக்கவும் ஒரே சொல்லுக்குச் சுடவும் பழக்கினார். இந்திய ராணுவத்தின் தந்தை என்று ஆங்கிலச் சரித்திரக்காரர்கள் இவரைச் சொல்வது அதனால்தான். அந்தக் கவாத்து நடந்த மண்ணில்தான் இன்றைக்குப் பந்து உருளுகிறது.

நான் இதையெல்லாம் தேடிப் போனது ஒரு சுயநலத்தினால். சரித்திர நாவல் ஒன்று எழுதும் எண்ணம் மனத்தில் இருந்தது. கிளைவ், லாரன்ஸ், தஞ்சாவூர்க் குதிரைப்படை, கொள்ளிடத்து முகத்தில் ஒரு தீவுக் கோட்டை: வேறு என்ன வேண்டும்? கதாநாயகி ஒருத்திதான் பாக்கி. அவளைக் கற்பனை செய்துகொள்ளலாம் என்றிருந்தேன்.

கதை இதுதான். ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1748-ல் சமாதானம் செய்துகொண்டார்கள். அதனால் தேவனாம்பட்டினத்தில் பழக்கி வைத்த படைக்கு வேலையில்லாமல் போயிற்று. பழகிய படை சும்மா உட்கார்ந்து சோறு தின்றால் எந்த முதலாளிக்கும் பொறுக்காது. அந்தச் சமயம் பார்த்து, தஞ்சாவூர்ச் சிங்காதனத்தை இழந்த சாகுஜி வந்து நின்றார். "என் ராஜ்யத்தை மீட்டுக் கொடுங்கள், தீவுக்கோட்டையை உங்களுக்குத் தருகிறேன்" என்றார். தீவுக்கோட்டையை 'தேவிக்கோட்டை' என்று எழுதிக்கொண்டார்கள் கம்பெனிக் கணக்கர்கள். காதில் விழுந்தது அப்படி. கொள்ளிடத்து முகத்தில் இருக்கும் மணல் திட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் பெரிய கப்பல்களெல்லாம் உள்ளே வரலாம் என்று அவர்களுக்கு ஓர் ஆசை.

1749 ஏப்ரலில், கேப்டன் கோப் என்பவர் தலைமையில் முதல் படை தெற்கே கிளம்பிற்று. கிளம்பிய வேளை சரியில்லை. வழியில் பெரும்புயல். கடலில் நின்ற 'நாமூர்' என்ற பெரிய போர்க்கப்பல் ஐந்நூறு பேருக்கு மேல் சுமந்துகொண்டு முழுகிப் போயிற்று. கரையில் கூடாரங்கள் கிழிந்தன, வண்டிமாடுகள் செத்தன. படை பரங்கிப்பேட்டைக்குப் போய் ஒட்டுப்போட்டுக்கொண்டு மறுபடி நடந்தது. சாகுஜியைக் கண்டதும் குடிமக்கள் திரண்டெழுவார்கள் என்ற பேச்சு பேச்சாகவே நின்றது. ஓர் ஆள் வந்து சேரவில்லை. சாமான் கொண்டுவர வேண்டிய கப்பல்களும் வரவில்லை. கோட்டைச் சுவரைப் பார்த்ததோடு கோப் திரும்பினார்.

பிறகு லாரன்ஸே கடல்வழியாகப் போனார். இந்தப் பகுதிதான் நாவலுக்கு உகந்தது. படைக்கும் கோட்டைக்கும் நடுவே ஆறு. எதிர்க்கரைப் புதரில் தஞ்சாவூர்த் துப்பாக்கிகள். ஜான் மூர் என்ற கப்பல் தச்சன் ஒருவன் பெரிய மிதவை ஒன்று கட்டினான். இருட்டில் கயிற்றோடு நீந்திப்போய், எதிரிகள் இருக்கும் கரையிலேயே ஒரு மரத்தின் வேரில் கப்பியைக் கட்டிவிட்டு, கயிறு தெரியாமல் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டு வந்தான். மறுநாள் அந்தக் கயிற்றை இழுத்தே படையைக் கரையேற்றினார்கள். கோட்டைச் சுவரில் விழுந்த ஓட்டையை நோக்கிக் கிளைவ் ஒரு சிறு கூட்டத்தோடு பாய்ந்தபோது தஞ்சாவூர்க் குதிரைகள் பின்னால் வந்து வெட்டித் தள்ளின. தப்பிய ஒரு சிலரில் கிளைவ் ஒருவர். அந்தக் குதிரைக்காரன் கத்தியை இன்னும் ஒரு சாண் நீட்டியிருந்தால்... சரித்திர நாவல்காரனுக்கு இந்த மாதிரி இடத்தில் கை துறுதுறுக்கும்.

கோட்டை விழுந்தது. தஞ்சை மன்னர் பிரதாப்சிங் கோட்டையைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். சாகுஜிக்கு? வருஷத்துக்கு நாலாயிரம் ரூபாய் பென்ஷன். ராஜ்யம் மீட்கப் போனவர்கள் ராஜாவை மறந்துவிட்டார்கள்!

இவ்வளவும் ராபர்ட் ஆர்ம் 1763-ல் வெளியிட்ட யுத்த சரித்திரத்தில் இருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு வந்தேன். கோப் திரும்பி வந்த வழியைச் சொல்லும் இடத்தில் என் பேனா நின்றது. ஒரு நீரோட்டத்தைக் கடக்கும்போது புதரிலிருந்து தஞ்சாவூர்க்காரர்கள் சுட்டார்களாம். மூட்டை சுமந்து வந்த கூலிகள் மிரண்டு, முண்டியடித்துத் தண்ணீரில் இறங்கினார்கள். ஆழம் தெரியாமல் நூற்றுக்கணக்கில் முழுகிப் போனார்கள். அவ்வளவுதான். அடுத்த வரியில் படை பத்திரமாக வந்து சேருகிறது. தச்சன் ஜான் மூருக்குப் பெயர் இருக்கிறது. முழுகிய கப்பலுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் தலைக்கு இவ்வளவு என்று பேசி அழைத்துப்போன இந்த ஜனங்களில் ஒருவனுக்கும் பெயரில்லை. நம் மொழி பேசியவர்கள் அவர்கள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நாவல் குறிப்பில் நானும் அவர்களைத் தாண்டித்தான் போயிருந்தேன்.

மறுநாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். நடராஜர் கோயில் மதிலும் ஒரு காலத்தில் கோட்டையாக நின்றதுதான். 1781 ஜூனில் ஹைதர் அலியின் ஆட்கள் உள்ளே இருந்துகொண்டு, சர் அயர் கூட்டை அடித்துத் திருப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றி இன்னொரு சமயம். அன்று நான் நிற்கவில்லை. கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்ச் சேர்ந்தேன்.

வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிடத்து முகத்துக்கும் நடுவே கிடக்கிற சதுப்புக் காடு பிச்சாவரம். கோப்பின் படை நடந்த சீமை இதுதான். படகுத்துறையில் சுற்றுலா வந்தவர்கள் கூட்டம் எப்போதும் உண்டு. 'இதயக்கனி' சினிமாப் படம் எடுத்த இடம் என்று காட்டுவார்கள். 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களில் ஒன்றாக இதைச் சேர்த்தார்கள். 1,479 ஹெக்டேர்.

எனக்குக் கிடைத்த படகுக்காரர் அறுபது வயசுக்காரர். துடுப்புப் போடுவது தெரியாமல் போடுகிறவர்.

"பெரியவரே, தீவுக்கோட்டை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"அது தெக்காலே, கொள்ளிடத்துப் பக்கம் போவணுங்க. அங்கே என்ன இருக்கு பாக்க? இங்கே சுரபுன்னையைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். நீரில் நிற்கும் சுரபுன்னை கிளையிலிருந்து வேரை வளைத்து இறக்கி, பத்துக் கால் பதினைந்து காலாக ஊன்றிக்கொண்டிருக்கிறது. தச்சன் கப்பி கட்டியது இப்படிப்பட்ட ஒரு வேரில்தானோ என்னவோ. சற்று மேட்டில் வெண்கண்டல். அது வேரைச் சேற்றுக்கு மேலே ஈட்டி ஈட்டியாக நீட்டி மூச்சு விடுகிறது. ஓரிடத்தில் கிளையைத் தொடப் போனேன்.

"தொடாதீங்க ஐயா, தில்லை! பாலு கண்ணுல பட்டா கண்ணு போயிடும்."

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம். புலவர்கள் பாடிய மரத்துக்குப் படகுக்காரர் சொன்ன இந்தக் குணமும் உண்டு.

இந்தக் காடும் சுலபமாகப் பிழைக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரைக்கும் வரிசை வைத்து விறகுக்கு மொட்டையடித்தார்கள். மரம் போனதும் வெயில் பட்டுச் சேறு காய்ந்து பள்ளமாயிற்று. பள்ளத்தில் நின்ற நீர் சுண்டி உப்பாயிற்று. உப்பில் விதை பிடிக்கவில்லை. பிற்பாடு வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, மீன்முள் மாதிரிக் கிளை கிளையாக வாய்க்கால் வெட்டி, ஏற்றவற்று நீரை உள்ளே விட்டார்கள். பிறகுதான் நட்ட கன்று நின்றது. 2004 டிசம்பர் 26-ம் தேதி கடல் பொங்கி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. காட்டுக்கு வெளியே மணலில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு தப்பவில்லை. "எங்க ஜனம் நிறைய போச்சுங்க" என்றார் படகுக்காரர். துடுப்பு சற்று நின்று மறுபடி விழுந்தது. போனவர்களில் சிலருடைய பெயரைச் சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை.

வாய்க்கால் திருப்பத்தில் இருளர் பெண்கள் நாலைந்து பேர் மார்பளவு நீரில் குந்தியபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். வாயில் பறி இருப்பதால் பேச்சில்லை. ஒருத்தி மட்டும் பறியை எடுத்துவிட்டு, "யாரு மாமா, புது ஆளு?" என்று கேட்டாள்.

"கதை எழுதுறவராம்."

"இங்கே ஆழம் எவ்வளவு?" என்று அவளைக் கேட்டேன்.

"இப்போ இவ்ளோதான். ஏத்தம் வந்தா ஆளு முங்கிரும்" என்று சொல்லிவிட்டு, பறியை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டாள்.

படகுக்காரர் வேரில் படிந்திருந்த ஈரக்கோட்டைப் பார்த்தார்.

"தண்ணி ஏறுதுங்க. திரும்பிடலாம்" என்றார்.