மட்டக்களப்பு வாவிக்கரைத் தாவரத் தொகுதி

இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வளரும் கண்டல், கரையோர, உலர்வலயத் தாவரங்களின் தொகுதி. வெயில் எழும் கடற்பக்கக் கரையை எழுவான்கரை என்பர். வெயில் விழும் பக்கமாக, வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. தாவரவியல் பூங்காவில் மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை தொங்கும். வாவிக்கரையில் அந்த வேலையை ஊர்ப்பெயர்கள் செய்கின்றன.

தாழங்குடாவில் தாழை, நாவற்குடாவில் நாவல், மகிழடித்தீவில் மகிழ், ஏறாவூர்க் கரையில் புன்னைக்குடா, வடக்கே வாழைச்சேனைப் பக்கம் கிண்ணையடி. கோட்டை இருக்கும் புளியந்தீவு புளியின் பெயரைத் தாங்குகிறது. அந்தப் புளியோ ஆதியில் ஆபிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. ஆரையம்பதியின் பழைய பெயர் ஆரைப்பற்றை. ஆரை மரமல்ல, ஈரநிலத்தில் நான்கு இலைக்கூறுகளை விரித்து நிற்கும் சிறு பன்னம், கீரையாகச் சமைப்பார்கள். ஊருக்குப் பெயர் தரப் பெருமரமாக இருக்கத் தேவையில்லை என்பதற்கு இதுவே சாட்சி. மரம் போன பிறகும் பலகை நின்றுவிடும் ஊர்களும் உண்டு. கொக்கட்டிச்சோலையில் மட்டும் பெயருக்குப் பின்னால் ஒரு கதையும் நிற்கிறது: வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தை வெட்ட, வெட்டுவாயிலிருந்து இரத்தம் பெருகிற்று என்பது தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் தோற்றக் கதை.

கண்டலும் கூட்டாளிகளும்

வாவியின் உவர்ச்சேற்றில் முதலில் கண்ணில் படுவது கண்டல். அதன் விதை நிலத்தில் விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு, கூர்முனை கீழாக விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். நீர் ஆழமாயிருந்தால் மிதந்துபோய் வேறு கரையில் வேர்பிடிக்கும். பருத்தி வலை இருந்த காலத்தில் கண்டற்பட்டையை அவித்த சாயத்தில் வலையைத் தோய்த்தார்கள். நைலோன் வந்ததும் அந்தத் தொழில் ஓய்ந்தது.

இன்னொரு உவர்ச்சேற்று மரமான கண்ணா, இலை வழியே உப்பைச் சமாளிக்கிறது. இலையைத் திருப்பி நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும்: வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியே தள்ளிவிடுகிறது. மரத்தைச் சுற்றி பென்சில் நட்டதுபோல் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சுவேர்கள். கிண்ணைக்கும் இத்தகைய வேர் உண்டு, இன்னும் தடிப்பாக. தக்கைபோல் இலேசான அதை வெட்டி வலைக்கு மிதப்பாகக் கட்டியதுண்டு.

தில்லை

வாவிக்கரை மரமான தில்லையைப் பற்றி இரண்டு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் பீறிடும். அது கண்ணில் பட்டால் பார்வை கெடும் என்பதால் விறகு வெட்டுவோர் இந்த மரத்தை விலக்கியே நடப்பர். உதிருமுன் இதன் இலைகள் சிவக்கும். ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு மரங்களில். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அதே மரம்தான் இங்கே வாவியின் தெற்கில் முருகன் கோயில் கொண்ட மண்டூரைத் தில்லை மண்டூர் ஆக்கியது. எழுவான்கரையிலிருந்து மண்டூருக்குப் போகிறவர்கள் குறுமண்வெளியில் ‘பாதை’ ஏறுவார்கள். வாவியைக் கடக்கும் மிதவைக்கு மட்டக்களப்பாரின் சொல் அது.

ஏடுகளில்

ஐரோப்பாவின் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டங்கள் மருத்துவ மாணவருக்கு மூலிகை காட்டப் பிறந்தவை: இத்தாலியில் பிசா 1544, பாதுவா 1545, ஒல்லாந்தில் லெய்டன் 1590. இவற்றில் லெய்டனுக்கு இலங்கையோடு நேரடித் தொடர்பு உண்டு. ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக 1670களில் இங்கிருந்த பவுல் ஹேர்மன் பின்னர் லெய்டன் பேராசிரியராகி, 1695இல் இறக்கும்வரை அந்தத் தோட்டத்தைக் கவனித்தார். அவர் உலர்த்தி ஒட்டிய இலங்கைச் செடிகளை வைத்தே லின்னேயஸ் 1747இல் ‘புளோரா செய்லானிக்கா’வை எழுதினார். ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1638இலேயே பிடித்துவிட்டனர். ஆயினும் ஹேர்மன் சேகரித்தது பெரும்பாலும் கொழும்பைச் சூழ்ந்த பகுதியில். ஆங்கிலேயர் காலத்துத் தாவரவியல் பூங்காக்களான பேராதனை (1821), ஹக்கல (1861), ஹெனரத்கொட (1876) மூன்றும் மலைநாட்டையோ ஈரவலயத்தையோ சேர்ந்தவை. உலர்வலயத்துக்கென முதற் பூங்கா 2013இல்தான், அதுவும் அம்பாந்தோட்டையில் மிரிஜ்ஜவிலவில் திறக்கப்பட்டது. பாலை, முதிரை, வீரை போன்ற உலர்வலய மரங்கள் இவ்வளவு காலம் காத்திருந்தது அவற்றின் குற்றமல்ல. தேயிலையையும் கறுவாவையும் போல அவை பெருந்தோட்டப் பயிர்களாகவில்லை.

வந்தாறுமூலை

இனி, மட்டக்களப்பின் சொந்தப் பல்கலைக்கழகம்: நகரின் வடக்கே வந்தாறுமூலையில், மகா வித்தியாலயமாக இருந்த வளாகத்தில் 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. விஞ்ஞானமும் விவசாயமுமே முதற் பீடங்கள். 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. கல்லூரி தொடங்க மூன்று வருடங்களுக்கு முன், 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதியைச் சாய்த்திருந்தது.

வளாகத்தின் மண் மணல். ஊற்றிய நீர் நிற்காது. மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிட, நடுவருடத்தில் கச்சான் காற்று இலையைக் காய்ச்சும். இந்த மணலில் எது தாங்கும் என்பதே விவசாய பீடத்தின் நிரந்தரக் கேள்வி.

உள்நாட்டுப் போரின்போது, 1990இல் வளாகம் அகதி முகாமானது. அவ்வருடம் செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை.

கண்டலுக்குத் திரும்பினால், 2004 சுனாமிக்குப் பின் நாடெங்கும் கண்டற்காடு நடும் திட்டங்கள் பெருகின. முருங்கைக்காய் போன்ற அந்த முளையை ஒடித்துச் சேற்றில் குத்தினால் போதும் என்பதால் பெரும்பாலும் கண்டல் மரத்தையே நட்டார்கள், அது வாழாத இடத்திலும். இலங்கையின் 23 நடுகை இடங்களைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. மாட்டையும் ஆட்டையும் தடுத்து, உப்புநீர் வந்துபோகும் வாய்க்காலை அடைக்காமல் விட்டால், ஆள் நடாமலே கண்ணா முளைக்கும்.